செத்த போர்டுதான் ஷாக் அடிக்கும்: கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யும் முறை

கேள்வி இதுதான்: டிவி பவர் சப்ளை போர்டில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரை எப்படி டிஸ்சார்ஜ் செய்வது, அதாவது காலி செய்வது? ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்தால் போதாதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் விட்டால் தானாகவே இறங்கிவிடாதா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்தே வந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பவர் சப்ளையின் பிளக்கைப் பிடுங்கினால் மெயின் கெப்பாசிட்டரில் (அந்தப் பெரியதுதான்) உள்ள சார்ஜை அந்த சப்ளையே தின்றுவிடும். ஸ்விட்ச்சிங் ஐசி இன்னும் சில நொடிகள் ஓடும், ஸ்டாண்ட்பை விளக்கு மெல்ல மங்கி அணையும், அதற்குள் பெரும்பகுதி காலியாகியிருக்கும். ஆனால் நாம் திறப்பது ஓடும் போர்டை அல்ல. ஐசிக்கு முதல் மின்சாரம் கொடுக்கும் ஸ்டார்ட்அப் ரெசிஸ்டர் திறந்துபோய், அதாவது உள்ளே அறுந்துபோய், ஐசி கிளம்பவே இல்லை என்று வையுங்கள். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஏசியை டிசியாக மாற்றும் டயோடு பிரிட்ஜ் நன்றாக இருக்கிறது, கெப்பாசிட்டர் 325 வோல்ட்டுக்கு ஏறி நிற்கிறது, அதைச் செலவழிக்க ஆள் இல்லை. கெப்பாசிட்டரின் சொந்தக் கசிவு மட்டுமே வழி. அது மணிக்கணக்கில் ஆகும். அதனால் ஃபியூஸ் போகாமல், அவுட்புட்டும் இல்லாமல் கிடக்கும் போர்டுதான் மேஜைக்கு வருவதிலேயே மோசமானது. ஃபியூஸ் வெடித்து, ஸ்விட்ச்சிங் வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன போர்டைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்த ஷார்ட்டே கெப்பாசிட்டரைக் காலி செய்திருக்கும் வாய்ப்பு அதிகம். அதற்காக அதை அளக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை.

அரை மணி நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்து, மின்னழுத்தத்தையும் ஏற்றிவிடும் பகுதி) உள்ள போர்டில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 390 வோல்ட்டில் நிற்கிறது. அதன் குறுக்கே மின்னழுத்தத்தை உணரும் ரெசிஸ்டர் தொடர் மொத்தம் 3 மெகாஓம். ஓமை ஃபாரட்டால் பெருக்கினால் நொடி வரும்: 660 நொடி. இதுதான் டைம் கான்ஸ்டன்ட். ஒவ்வொரு டைம் கான்ஸ்டன்ட்டுக்கும் மின்னழுத்தம் அப்போது இருந்ததில் 37 சதவீதமாகக் குறையும். 50 வோல்ட்டுக்கு இறங்கவே ஏறத்தாழ 23 நிமிடம், அரை மணி முடிவில் 25 வோல்ட். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்தத் தொடரில் ஒரே ஒரு ரெசிஸ்டர் திறந்திருந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய். அந்த உயர் மதிப்பு ரெசிஸ்டர்கள் திறந்துபோவது பவர் சப்ளைகளில் அடிக்கடி வரும் பழுது. காத்திருப்பது நல்ல பழக்கம். அதை மட்டும் நம்பக் கூடாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டும் எக்ஸ் கெப்பாசிட்டரின் குறுக்கே, சார்ஜை வடிக்கும் ஒரு ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கும். 'அதுதான் டிஸ்சார்ஜ் செய்துவிடுமே' என்பார்கள். அது எக்ஸ் கெப்பாசிட்டரை மட்டும்தான் காலி செய்யும். மெயின் கெப்பாசிட்டர் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் சார்ஜ் திரும்பி வர டயோடுகள் விடாது. பிளக்கைப் பிடுங்கியதும் அதன் பின்களைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் அந்த எக்ஸ் கெப்பாசிட்டரின் ப்ளீடர்தான் போயிருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு சார்ஜ் இருக்கும்? 230 வோல்ட் மெயின்ஸை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி, 120 வோல்ட் என்றால் 170. பிஎஃப்சி ஓடினால் 380 முதல் 400 வரை. ஆற்றலுக்கு, வோல்ட்டின் வர்க்கத்தை ஃபாரட்டால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 220 மைக்ரோஃபாரட், 325 வோல்ட்டில் 11.6 ஜூல். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் 470 மைக்ரோஃபாரட், 390 வோல்ட்டில் கிட்டத்தட்ட 36 ஜூல். இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டில் 2000 மைக்ரோஃபாரட் 380 வோல்ட்டில் நின்றால் 144 ஜூல். 10 ஜூலைத் தாண்டிய எதையும் உயிருக்கு ஆபத்தானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்றால் விளையாட்டு என்றும் இல்லை. ஷாக்கில் கை உதறி ஹீட்சிங்க் முனையில் கிழிபடுவதும், உயரத்தில் வேலை செய்பவர் ஏணியிலிருந்து விழுவதும் இரண்டு மூன்று ஜூலிலேயே நடக்கும்.

இனி ஸ்க்ரூடிரைவர். 325 வோல்ட் உள்ள கெப்பாசிட்டரை நேரே ஷார்ட் செய்தால் மின்னோட்டத்தைத் தடுக்க அதன் உள் மின்தடை தவிர வேறு எதுவும் இல்லை. அது ஓமில் ஒரு சிறு பின்னம் என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டி, ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதியில் பாயும். ஸ்க்ரூடிரைவர் முனையில் பள்ளம் விழும், உருகிய உலோகத் துளி கண்ணுக்குப் பறக்கும், கெப்பாசிட்டர் கால் சால்டர் செய்த இடத்தில் செப்புத் தடம் உரிந்துவிடும். வெளியே தெரியாத சேதமும் உண்டு: கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகடும் காலும் சேரும் இடம் வலுவிழக்கும். முனை வழுக்கிப் பக்கத்துத் தடத்தில் பட்டால் நன்றாக இருந்த ஐசியும் போய்விடும். ஒரு பழுதோடு வந்த போர்டு மூன்று பழுதோடு நிற்கும். 'எத்தனையோ தடவை செய்தும் ஒன்றும் ஆகவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே காலியான கெப்பாசிட்டரைத்தான் ஷார்ட் செய்திருப்பார்கள்.

சரியான வழி ரெசிஸ்டர். மெயின்ஸில் ஓடும் சாதாரணப் பவர் சப்ளைகளுக்கு 2.2 கிலோஓம், 10 வாட், வயர்வுண்ட் (கம்பி சுற்றிய வகை). வெள்ளைச் செங்கல் போல இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டர் அருமையாகப் பொருந்தும். 325 வோல்ட்டில் தொட்ட கணத்தில் ஓடுவது 148 மில்லியாம்பியர், சூடாவது 48 வாட். 10 வாட் ரெசிஸ்டர் தாங்குமா என்றால் தாங்கும், ஏனென்றால் அந்த 48 வாட் அரை நொடிகூட நீடிப்பதில்லை. 220 மைக்ரோஃபாரட்டுடன் டைம் கான்ஸ்டன்ட் 0.48 நொடி, ஐந்து மடங்கு, அதாவது இரண்டரை நொடியில் மின்னழுத்தம் 2 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். வசதிக்குப் பத்து நொடி பிடியுங்கள். ஏசி யூனிட்டின் 2000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தொகுதிக்கும் இதே ரெசிஸ்டர் போதும். முப்பது நொடி பிடிக்க வேண்டும், ரெசிஸ்டர் கையில் சூடு தெரியும் அளவுக்கு வரும்.

கால் வாட் கார்பன் ரெசிஸ்டரை எடுத்து வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதன் மின்னழுத்த வரம்பே பொதுவாக 250 வோல்ட். சில நேரம் படாரென்று வெடிக்கும், சில நேரம் சத்தமே இல்லாமல் உள்ளே அறுந்துவிடும். இரண்டாவதுதான் கொடுமை. டிஸ்சார்ஜ் செய்தாயிற்று என்று நம்பிக் கையை வைப்பீர்கள். கெப்பாசிட்டரில் 200 வோல்ட்டுக்கு மேல் அப்படியே இருக்கும். வயர்வுண்டுக்கும் இந்த நோய் அரிதாக வரலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது டிஸ்சார்ஜ் கருவியின் இரு முனைகளையும் மீட்டரில் ஒரு தடவை அளந்து 2.2 கிலோஓம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கருவியைச் செய்வது அரை மணி நேர வேலை. 1000 வோல்ட் தாங்கும் மீட்டர் புரோப் ஜோடி ஒன்று. கறுப்பு முனைக்கு முழுவதும் உறை போட்ட குரோக்கடைல் கிளிப், சிவப்பு முனை கூர்மையாகவே இருக்கட்டும். நடுவில் ரெசிஸ்டர், இரு கால்களிலும் ஸ்லீவ் போட்டு, முழுவதையும் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்துவிடுங்கள். ரெசிஸ்டரை நேரடியாக ஹீட் ஷ்ரிங்க்கில் சுற்றினால் சூட்டில் ஸ்லீவ் கருகும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் ரெசிஸ்டருக்கு இணையாக, 47 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடரில் போட்டு, அதன் முடிவில் எதிரெதிர்த் திசையில் இரண்டு எல்இடிகளை இணையுங்கள். 325 வோல்ட்டில் 3.4 மில்லியாம்பியர் ஓடி நன்றாக எரியும், எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்றும் காட்டும். ஒரு ரெசிஸ்டருக்குப் பதில் இரண்டு போடுவது மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளத்தான். எல்இடி அணைந்தால் சார்ஜ் குறைந்துவிட்டது என்று மட்டும் பொருள், தீர்ந்தது என்றல்ல.

இழை பல்பை வைத்து டிஸ்சார்ஜ் செய்யும் வழக்கமும் உண்டு, அது மோசமான வழியல்ல. 230 வோல்ட் 60 வாட் பல்பு எரியும்போது 880 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பளிச்சென்று மின்னி அணைவது நல்ல அடையாளம். மின்னவே இல்லை என்றால் கெப்பாசிட்டர் காலி என்றும் இருக்கலாம், இழை அறுந்திருக்கிறது என்றும் இருக்கலாம். எல்இடி பல்பு இதற்கு உதவவே உதவாது. இன்னொன்று: 230 வோல்ட் 25 வாட் சால்டரிங் அயர்னின் ஹீட்டர் 2.1 கிலோஓம் வரும், அதாவது நம் ரெசிஸ்டரேதான். அவசரத்துக்கு அதன் பிளக் பின்களைக் கெப்பாசிட்டர் கால்களில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு சரி, ஆனால் விரலுக்கும் வெறும் பின்னுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் வகையில் இது வேலையும் செய்யாது.

இனிச் செய்முறை. ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கி, கண்ணில் படும்படி மேஜைமேல் வையுங்கள். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றுங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை தேடுவது: 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட உருளை எங்கே, எத்தனை? பிறகு போர்டின் விளிம்பை மட்டும் பிடித்துத் திருப்பி, சால்டர் பக்கத்தில் அதன் இரண்டு கால்களையும் அடையாளம் காணுங்கள். இந்தத் திருப்பும் நேரத்தில்தான் பெரும்பாலான ஷாக் அடிக்கிறது. விரல் நுனி கீழே போய், மெயின்ஸோடு இணைந்த பிரைமரிப் பக்கத்தைத் தொட்டுவிடும்.

முதலில் அளவுங்கள். மீட்டர் டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில், சிவப்பு வயர் வோல்ட் துளையில். முந்தைய வேலையில் ஆம்பியர் துளையில் சொருகியது அப்படியே இருந்தால் மீட்டரே ஷார்ட்டாக மாறிவிடும். ஓம் ரேஞ்சிலோ கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்சிலோ சார்ஜ் உள்ள கெப்பாசிட்டரில் வைத்தால் மீட்டர் போகும். கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். எண்ணைப் பார்த்த பிறகு கருவியின் கிளிப்பை நெகட்டிவ் காலில் மாட்டி, ஒரே கையால் சிவப்பு முனையைப் பாசிட்டிவ் காலில் பத்து நொடி அழுத்துங்கள். மற்ற கை போர்டிலும் சேசிஸிலும் படாமல் இருக்கட்டும். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போகும். முனையை எடுத்துவிட்டு மறுபடி மீட்டர். 325 என்று காட்டிய இடத்தில் 1.8 காட்டினால் டிஸ்சார்ஜ் ஆனது உறுதி. முதலிலேயே அளந்து வைத்ததன் பயன் இங்கேதான்: முன்னும் பின்னும் இரண்டு எண் கையில் இருந்தால்தான் மீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் சான்று கிடைக்கும். முதல் அளவிலேயே பூஜ்யம் வந்தால் நம்பிவிடாதீர்கள். மீட்டரை ஒரு 9 வோல்ட் பேட்டரியில் சோதித்து விட்டு மறுபடி அளவுங்கள். மீட்டரை வைத்தே இறக்கிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அதன் உள் மின்தடை 10 மெகாஓம், 220 மைக்ரோஃபாரட்டுடன் டைம் கான்ஸ்டன்ட் 2200 நொடி.

மீட்டர் பூஜ்யம் காட்டியும் ஷாக் அடித்தது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். கறுப்பு புரோப்பை உலோக சேசிஸிலோ யுஎஸ்பி உறையிலோ வைத்திருப்பார்கள். அது டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் உள்ள செகண்டரி கிரவுண்ட். மெயின் கெப்பாசிட்டரின் நெகட்டிவ், மெயின்ஸோடு இணைந்த ஹாட் கிரவுண்ட்; இரண்டுக்கும் டிசி தொடர்பு கிடையாது. இரண்டு புரோப்பும் அந்தக் கெப்பாசிட்டரின் சொந்தக் கால்களில்தான் இருக்க வேண்டும். தடத்தில் வைத்தாலும் ஏமாறலாம்: காலில் சால்டர் விரிசல் விட்டிருந்தால் தடத்தில் பூஜ்யம், காலில் 300. போர்டில் வார்னிஷ் பூசியிருந்தால் முனை அதைத் துளைத்து உலோகத்தைத் தொட்டதா என்பதையும் பாருங்கள்.

ஒரு தடவை டிஸ்சார்ஜ் செய்ததோடு முடியவில்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் மின்கடத்தாப் படலம் கொஞ்சம் சார்ஜைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்லத் திருப்பித் தரும். ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் பழைய மின்னழுத்தத்தில் பத்து சதவீதம் வரைகூட ஏறி நிற்கலாம். 400 வோல்ட்டில் நின்றது 40 வோல்ட் காட்டும். முதலில் கருவியை வைத்து இறக்குங்கள், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வையுங்கள், அளவு 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பின் இரு கால்களையும் கிளிப் வயரால் இணைத்து வேலை முடியும்வரை அப்படியே விடுங்கள். அந்த வயர் நீளமாகவும் சிவப்பாகவும் போர்டுக்கு வெளியே தொங்குவதாகவும் இருக்கட்டும். மறந்து பவர் கொடுத்தால் பிரிட்ஜும் ஃபியூஸும் சேர்ந்து போகும். கழற்றி டப்பாவில் போடும் பெரிய கெப்பாசிட்டருக்கும் கால்களைச் சேர்த்து ஒரு கம்பி சுற்றி வைப்பது இதற்காகத்தான்.

இரண்டு 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் தொடரில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் சப்ளைகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து முனைக்கு முனை இறக்கினால், சமமாக இல்லாதவை ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் சார்ஜோடு நிற்கும். மொத்தம் மட்டும் பூஜ்யம் காட்டும்.

ஆடியோ ஆம்ப்ளிஃபயரின் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டரில் 20 ஜூல் இருக்கிறது. ஷாக் பெரிதாகத் தெரியாது, ஆனால் மோதிரம் குறுக்கே பட்டால் விரலைச் சுட்டுவிடும். அதற்கு 100 ஓம் 10 வாட் எடுங்கள். டைம் கான்ஸ்டன்ட் ஒரு நொடி. கேமரா ஃப்ளாஷில் உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, சட்டைப் பையில் அடங்கும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

மின்விசிறி, கம்ப்ரஸர் போன்றவற்றில் மோட்டார் ஓட உதவும் ரன் கெப்பாசிட்டர் வேறு ரகம். ஏசி கெப்பாசிட்டர் என்பதால் அணைத்த கணத்தில் அலை எங்கே நின்றதோ அந்த மின்னழுத்தம் தங்கும்; ஒரு நாள் ஒன்றும் இருக்காது, மறுநாள் 300 வோல்ட் இருக்கும். மோட்டார் நன்றாக இருந்தால் அதன் இரு சுருள்கள் வழியாகவே இறங்கிவிடும். ஒரு சுருள் அறுந்திருந்தாலோ இணைப்பு வயர் கழன்றிருந்தாலோ இறங்காது. மறுபடியும் அதே கதை: பழுதுதான் சார்ஜின் வழியை அடைக்கிறது. மூன்று முனை உள்ள இரட்டைக் கெப்பாசிட்டரில் பொதுமுனைக்கும் மற்ற இரண்டுக்கும் தனித்தனியாகவும், கடைசியில் அந்த இரண்டுக்கும் இடையிலும் வைத்து இறக்குங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பை இந்தக் கருவியால் தொடவே கூடாது. 1 மைக்ரோஃபாரட்தானே என்று தோன்றும், ஆனால் நிற்பது 2800 வோல்ட் வாக்கில், ஆற்றல் 4 ஜூல். சாதாரண மீட்டரையும் அதில் வைக்கக் கூடாது; உள்ளேயே தீப்பொறி தாவும். கெப்பாசிட்டருக்குள் பொதுவாக 10 மெகாஓம் ப்ளீடர் இருக்கும், அது சரியாக இருந்தால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும், இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. 100 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டர் பத்தைத் தொடரில் கோத்து, நீளமான பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, ஒரு முனையைச் சேசிஸில் முதலில் உறுதியாக மாட்டிவிட்டுப் பிறகு கெப்பாசிட்டரின் ஒவ்வொரு முனையையும் தொட வேண்டும். அதன் பிறகு இரண்டு முனைக்கும் நடுவில். ஒரு ரெசிஸ்டருக்கு 280 வோல்ட்தான் விழும், ஐந்து நொடியில் முடிந்துவிடும். உயர் மின்னழுத்த வேலை பழகாதவர் இந்தப் பெட்டியின் மூடியையே திறக்காமல் இருப்பது நல்லது. அடுப்பு ஓடும்போது கெப்பாசிட்டரைவிட டிரான்ஸ்ஃபார்மர் கொடியது.

பழைய டிவியின் பிக்சர் டியூபில் கதை தலைகீழ். 25 கிலோவோல்ட் இருந்தாலும் கொள்ளளவு ஓரிரு நானோஃபாரட், ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு. அங்கே ஷாக்கைவிட, கை உதறி டியூபின் கழுத்து உடைவதுதான் பெரிய ஆபத்து. ஆகவே அங்கு மட்டும் நல்ல உறை போட்ட ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அதன் தண்டிலிருந்து ஒரு கிளிப் வயரை டியூபின் பின்புறம் வெளிப்பூச்சைத் தொட்டு ஓடும் பின்னல் கம்பியில் மாட்டி, முனையை, டியூபில் உயர் மின்னழுத்த வயர் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் மூடிக்கு அடியில் நுழைக்க வேண்டும். போர்டின் கிரவுண்டில் மாட்டினால் அந்தப் பாய்ச்சல் ஐசிகள் வழியாகப் போகும். சில நிமிடம் கழித்து இன்னொரு தடவை. இரண்டாம் முறையும் டப்பென்று ஒரு சத்தம் வரும்.